இரண்டாம் பக்கத்துக்குப் போன தெரு

பழைய பிரிண்டரின் சத்தத்தை, அது ஓய்ந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும், செண்பகவடிவு காதுக்குள் ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தாள்: முதலில் தையல் மிஷின் ஓரம் அடிப்பதுபோல ஒரு கிர்ர், பிறகு மூச்சு வாங்கிக்கொள்ளச் சின்ன நிறுத்தம், பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடித் திரும்புகிற நீளமான ஒரு சரக், எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஓட்டை வரிசை வைத்த அந்த அகலக் காகிதத்தின் கரைகளை அவள் கிழித்தெடுக்கையில் நைந்த வேட்டி கிழிவதுபோல ஒரு பர்ர். இருபத்திரண்டு வயதில் சங்கன்விளைப் பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக அவள் சேர்ந்த அன்று கேட்ட சத்தம் அது. நாற்பத்திரண்டு வயதிலும் அவள் தற்காலிகமாகவே இருந்தாள், சத்தம்தான் நிரந்தரமாக இருந்தது.

திங்கட்கிழமைதோறும் அந்தப் பிரிண்டரிலிருந்து வந்தது ஊரின் தண்ணீர் முறைப் பட்டியல். மேலே குறுக்கே ஒன்பது தெருக்கள், மேற்கிலிருந்து கிழக்காக ஊர் எப்படிக் கிடந்ததோ அதே வரிசையில்; இடது பக்கம் மேலிருந்து கீழாகத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கிழமைகள்; ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எந்தக் கதவு எண்ணுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்ற விவரம். செயல் அலுவலர் கையெழுத்துப் போட, தலைமை எழுத்தர் நம்பிராஜன் இடது மேல் மூலையில் ஓர் ஓட்டை குத்தி, டேக் என்கிற கட்டுக்கயிற்றில் கோத்து ஃபைலில் சேர்ப்பார். பட்டியலில் இருந்தபடி ஊர் இருந்தது, அல்லது ஊர் இருந்தபடி பட்டியல் இருந்தது. இருபது வருஷமாக இரண்டும் ஒத்துப்போனதால் எது எதைப் பார்த்து எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கு மேற்கே, முதல் தெருவுக்கும் அப்பால், ஒன்றும் முளைக்காத ஒரு பொட்டல் உண்டு. அந்தப் பொட்டலின் வடமூலையில் காம்பஸ் வைத்து வரைந்தாற்போல வட்டமாக ஒரு குட்டை உண்டு. யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதையும் யாரும் கேட்கவில்லை.

அந்த ஆடி மாதக் கடைசியில் பழைய பிரிண்டர் செத்தது. மாவட்டத்திலிருந்து புதிது வந்தது, வெள்ளையாக, சின்னதாக, சத்தம் போடக் கூச்சப்படுகிற ஒன்று. அது ஏ-ஃபோர் தாளை மட்டுமே தின்றது. அகலக் காகிதத்தில் கைகால் நீட்டிப் படுத்திருந்த ஒன்பது தெருக்களை அந்த ஒரு சாணில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வடிவு ஒரு திங்கட்கிழமை முழுவதும் பாடுபட்டாள். வலது ஓரத்தை நூலிழையாக்கினாள், மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் சுருக்கினாள், எட்டுத் தெருக்கள் உள்ளே வந்தன. ஒன்பதாவது வரவில்லை. இடது பக்க மார்ஜினைக் கொஞ்சம் குறைத்தால் வந்துவிடும் என்று நம்பிராஜனிடம் போய் நின்றாள்.

நம்பிராஜன் இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு நாள் லீவு எடுக்காதவர். மனைவி இறந்த மூன்றாம் நாளும், அது திங்கட்கிழமையாக இருந்ததால், பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்தவர். அலுவலகத்தில் இடது ஓரம் ஒன்றரை இஞ்ச் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல.

"ஏம்மா, ஓரம் இல்லாத தாள்ல டேக்குக்கு எங்க குத்த? எழுத்து மேலயா குத்த முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் பட்டியல் இரண்டு தாளாக வந்தது. முதல் தாளில் ஏழு கிழமையும் எட்டுத் தெருவும். இரண்டாம் தாளில், பெரிய வெறுமையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்பதாம் தெரு மட்டும். இரண்டிலும் செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டார். இரண்டும் டேக்கில் ஏறின. கையெழுத்து விழுந்த தாள் பாதி ஊர், டேக்கில் ஏறி ஓர் இரவு கிடந்தால் முழு ஊர் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எட்டாம் தெருவோடு ஊர் முடிந்துபோயிருந்தது. அதற்குக் கிழக்கே வெள்ளையாக ஒரு நிலம், ஒரு மைல் தூரத்துக்கு, மணலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை, மிதித்தால் தடம் விழாமல், நிழல் விழாமல் கிடந்தது. அதற்கும் அப்பால், தன் பூவரச மரங்களோடும் தண்ணீர்த் தொட்டியோடும் ஒன்பதாம் தெரு தனியாக நின்றுகொண்டிருந்தது. பல் விளக்க வாசலுக்கு வந்த எட்டாம் தெருக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு, ஒன்பதாம் தெருவுக்கு இனிமேல் சைக்கிளில்தான் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வாய் கொப்பளித்தார்கள்.

இதில் வடிவுக்கு வந்த கஷ்டம் ஊருக்கு வந்ததைவிடப் பெரிது. ஒன்பதாம் தெருவில்தான் சுயம்புலிங்கம் இருந்தான். பேரூராட்சியின் வால்வு திறக்கிறவன். ஆள் உயர இரும்புச் சாவிக்கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பதினைந்து வருஷமாகத் திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியல் வாங்க வந்து, பட்டியல் வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறவன். மூன்று தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது அவனுக்கு நாற்பத்தாறு. அதற்குப் பிறகு ஒரு நாள், அரை மணி நேரம் நின்றுவிட்டு, "மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா" என்றான். கேட்டான். ஆவணி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. வடிவின் அம்மா முப்பிடாதி சம்மதித்ததற்கு ஒரே காரணம், மாப்பிள்ளை ஊருக்குள் இருக்கிறான் என்பது.

சங்கன்விளையில் எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதில்லை. எந்தக் காலத்திலோ எல்லைப் பேச்சியம்மன் கல்லுக்கு முன்னால் ஊர் கூடிச் செய்த சத்தியம். ஏன் செய்தார்கள் என்பது மறந்துபோய்விட்டது, மறந்துபோனதால் மீறுவதற்கும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. அந்தக் கல் ஒன்பதாம் தெருவின் கிழக்கு முனையில், உப்பளத்தைப் பார்த்து நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அது எட்டாம் தெருவின் கிழக்கு முனைக்கு வந்து, பூசிய மஞ்சள்கூட உதிராமல் நின்றது.

முப்பிடாதி ஆறாம் தெருவிலிருந்து நடந்துபோய்க் கல்லைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பி, முறுக்குப் பிழிய வைத்திருந்த மாவை மூடிவைத்தாள்.

"வெளியூர்க்காரனுக்கு உன்னக் கொடுக்க முடியாதுட்டி" என்றாள். "கல்லு நகந்து நின்னு சொல்லுது. நான் என்ன செய்ய?"

"கல்லு நகரலம்மா. நான்தான் பிரிண்ட் எடுத்தேன்."

"அப்ப ஒழுங்கா எடு."

ஒழுங்காக எடுக்க அடுத்த திங்கள்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் ஊர் வெள்ளைக்குப் பழகிவிட்டது. எட்டாம் தெருப் பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள். காக்கை வராத, தூசி இல்லாத, வெயில் மட்டும் அடிக்கிற அப்படி ஒரு இடத்தில் வடகம் போட்டால் எப்படிக் காயும் என்று ஒருத்தி போட்டுப் பார்த்தாள். மறுநாள் தெருவே பாயும் பழஞ்சேலையுமாகப் போய் இடம் பிடித்தது, மூன்றாம் நாள் இடத்துக்குச் சண்டை வந்தது, நான்காம் நாள் கோலமாவால் எல்லை போட்டார்கள், வெள்ளையில் வெள்ளைக் கோடு தெரியாததால் ஐந்தாம் நாள் மறுபடியும் சண்டை வந்தது. ஆடுகள் நாலடி வைத்து, மோந்து பார்த்து, ஏமாற்றப்பட்ட முகத்தோடு திரும்பின. கட்சிக்காரர்கள் கொடிக்கம்பம் நட வந்து, கடப்பாரை எத்தனை முறை இறங்கினாலும் குழி விழாததால், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முறை வைத்து நின்றார்கள். தாலுகாவிலிருந்து சர்வேயர் வந்து அளந்தார், காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு வந்தது, "இது ஓரம், நிலம் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு படி வடகம் வாங்கிக்கொண்டு போனார். புதிய ஓரமானதால் இன்னும் அழுக்காகவில்லை, நாளாக நாளாக மேற்குப் பொட்டலைப் போல ஆகிவிடும் என்று வயதானவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

ஒன்பதாம் தெருவில் வேறு மாதிரியான சிக்கல். கிழமைகளெல்லாம் முதல் தாளின் இடது ஓரத்தில் நின்றுவிட்டதால் இரண்டாம் தாளில் கிழமையே இல்லை. சூரியன் வந்தது, போயிற்று, அது வந்ததற்கும் போனதற்கும் பெயர் இல்லை. செவ்வாய்க்கிழமை கடை அடைக்கிற சவரக்காரர் அடைக்கவே முடியாமல் கை வீங்கிப்போனார். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற ராசக்கனி என்கிற அம்மாள், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா நாளும் விரதம் இருந்தாள். வாத்தியார் ஒருவர் இது ஞாயிறாகத்தான் இருக்கும் என்று தினமும் காலையில் தீர்மானித்து மறுபடியும் படுத்துக்கொண்டார். பட்டினி கிடந்த ராசக்கனியைத் தவிர அந்தத் தெருவில் யாரும் இளைத்ததாகத் தெரியவில்லை.

சுயம்புலிங்கம் மட்டும் வால்வு திறக்கத் தினமும் வெள்ளையைத் தாண்டி வந்தான். எட்டாம் தெரு முனையில் ஏறியதும் முதல் ஆளிடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பான். புதன் என்பார்கள். புதனைத் துண்டில் முடிந்துகொண்டு வேலையை முடித்து வீட்டுக்குப் போனால் முடிச்சு இருக்கும், எதற்குப் போட்ட முடிச்சு என்பது பாதி வெள்ளையிலேயே உதிர்ந்து போயிருக்கும். கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருவது எப்படி என்று வடிவு கவலைப்பட்டபோது அவன் தலையைச் சொறிந்தான்.

"தினமும் பட்டு வேட்டி கட்டிட்டு வந்து நிக்கேன் மேடம். அதுல ஒரு நாள் ஞாயித்துக்கெழமையா இருக்காமலா போயிரும்?"

சொன்னபடி செய்தான். மறுநாளிலிருந்து சரிகை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, இரும்புச் சாவியோடு சாக்கடை ஓரத்தில் குனிந்து வால்வு திறக்கிற மாப்பிள்ளையைப் பார்த்து ஊர் சிரித்தது. "மாப்பிள்ள, தாலி எங்கடே? வால்வுக்குள்ள விழுந்துட்டா?" என்று டீக்கடையிலிருந்து கேட்டார்கள். அவன் நிமிர்ந்து, மஞ்சள் கயிறு இருக்கு என்று இடுப்பைத் தட்டிக் காட்டினான். வடிவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஒரு மைல் என்பது தூரம் இல்லை. ஆனால் அந்த ஒரு மைலைப் போட்டது தன் கை என்ற நினைப்பு, சோற்றில் கல் போலக் கடிபட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாம் திங்கட்கிழமை அவள் தாளைப் படுக்கவைத்தாள். அகலம் நீளமாயிற்று, நீளம் அகலமாயிற்று; ஒன்பது தெருவும் காலை நீட்டி உட்கார்ந்தன, நம்பிராஜனின் ஒன்றரை இஞ்சும் இருந்தது. செவ்வாய் விடிந்தபோது ஒன்பதாம் தெரு பக்கத்தில் இருந்தது, கல் பழைய இடத்துக்குப் போயிருந்தது, ராசக்கனி சாப்பிட்டாள், தெருக்களெல்லாம் இரண்டு லாரி ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி அகன்றிருந்தன. முப்பிடாதி மாவை எடுத்து முறுக்குப் பிழிந்தாள். வெள்ளிக்கிழமை இரவு எல்லாரும் படுத்தார்கள். எழுந்தபோது திங்கட்கிழமை.

படுத்த தாளில் வெள்ளிக்குக் கீழே இடம் இல்லாமல் போயிருந்தது. சனியும் ஞாயிறும் இரண்டாம் தாளில் தனியாக, ஒரு தெருவும் ஒரு ஆளும் இல்லாமல், நாய்கூடக் குரைக்காமல் கழிந்துபோயின. நாட்காட்டியில் ஆவணி பதின்மூன்றைக் கிழித்தால் பதினாறு வந்தது. கறிக்கடைக்காரர் இரண்டு கிடாவைக் கட்டிவைத்துக்கொண்டு அழுதார். கோயிலில் திருப்பலி வைக்க ஞாயிறு கிடைக்காத பாதிரியார் புதன்கிழமையைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். பேரூராட்சி ஊழியர்கள், சரித்திரத்தில் முதல் முறையாக எல்லாரும் ஒரே தாளில், ஞாயிற்றுக்கிழமையை மீட்டுத் தரும்படி மனு எழுதினார்கள். நம்பிராஜன் ஒருவர் அதில் கையெழுத்துப் போடவில்லை, அவருக்கு அந்த வாரம் மிகவும் பிடித்திருந்தது.

"மாப்பிள்ள வந்தா நாளு போயிருது, நாளு வந்தா மாப்பிள்ள போயிருதாரு" என்றாள் முப்பிடாதி. "இது உன் ஜாதகத்துல இருக்கா, மிஷின்ல இருக்கா?"

மூன்றாம் திங்கள் ஆவணி பதினாறு. வடிவு தாளை நிமிர்த்தி, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்கிற கட்டளையை அழுத்தினாள். கம்ப்யூட்டர் எதையும் தள்ளாமல், எல்லாவற்றையும் நூற்றுக்கு எழுபத்தெட்டாகச் சுருக்கியது. செவ்வாய்க்கிழமை சங்கன்விளையில் வீடுகளும் மரங்களும் மாடுகளும் மனிதர்களும் எழுபத்தெட்டாக எழுந்தார்கள். எல்லாமே சேர்ந்து சுருங்கியதால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து ஆறு மணி பஸ் வந்து, அதன் படியில் ஏறக் கைகொடுக்க ஆள் வேண்டியிருந்தபோதுதான் தெரிந்தது. தெரிந்ததும் மகிழ்ச்சி. வெளியூரிலிருந்து வந்த எல்லாம் பெரிதாக இருந்தது. ஒரு கேஸ் சிலிண்டர் இரண்டு மாதம் வரும் என்றார்கள். ஒரு சேலைத் துணியில் ரவிக்கை மீந்தது. சந்தை வாழைப்பழம் ஒன்றை ஒரு குடும்பம் உட்கார்ந்து தின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் செய்யக் கொடுத்திருந்த தாலி வந்தபோது அது வடிவின் தொப்புள்வரை தொங்கியது, முப்பிடாதி அதைக் குறையாக எண்ணவில்லை. ஒன்பதாம் தெரு இருந்தது, கல் இடத்தில் இருந்தது, ஞாயிறு இருந்தது. வடிவு அந்த மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள்.

செயல் அலுவலர் வெளியூர்க்காரர். இரண்டு ஊருக்குப் பொறுப்பு என்பதால் திங்களும் வியாழனும் மட்டும் வருவார். திங்களன்று கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர், வியாழக்கிழமை அலுவலக நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். நாற்காலியில் உட்காரப் பார்த்தார், அது அவரோடு எழுந்தது. கடைசியில் மேஜைமேல் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, பட்டியலைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. வாசிக்க முடியாத தாளில் தான் போட்ட கையெழுத்து செல்லாது என்று சொல்லி ரத்து செய்தார். பழையபடி இரண்டு தாளாக எடுத்து, நாலரை பஸ்ஸுக்கு முன்னால் கையெழுத்துக்கு வைக்கச் சொன்னார்.

அப்போது மணி மூன்று. அடுத்த கையெழுத்து திங்கட்கிழமைதான், கல்யாணம் ஞாயிறு. வடிவு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். தாளின் தோற்றம் திரையில் வந்தது. இடது பக்கம் அந்த ஒன்றரை இஞ்ச் வெள்ளை, யாரும் நடக்காத, ஒன்றும் முளைக்காத பொட்டல், இருபது வருஷமாக அவள் விட்டுவந்த ஓரம். யாரிடமும் கேட்கவில்லை. கோட்டை மவுஸால் பிடித்து இடது பக்கமாக இழுத்தாள். ஒரு இஞ்ச். முக்கால். அரை. ஒன்பதாம் தெரு வரவில்லை. கால் இஞ்சில், தயங்கித் தயங்கி, கடைசி ஆளாகப் பஸ்ஸில் ஏறுகிறவனைப் போல அது உள்ளே வந்து நின்றது.

ஒரே தாள். செயல் அலுவலர் வாசித்துப் பார்த்தார், வாசிக்க முடிந்தது, இரண்டு தாள் ஒன்றானதில் அரசாங்கத்துக்கு ஒரு தாள் மிச்சம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிலைப்படியில் இன்னொரு முறை இடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நம்பிராஜன் தாளை வாங்கி மேஜைமேல் வைத்தார். இடது ஓரத்தைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். அந்த நேரத்தில் மின்விசிறிக் காற்றில் தாளின் முனை தூக்கியது. முதல் தெருவில் பாத்திரங்கள் உருண்டன, தென்னைகள் மட்டையால் தரையைத் தொட்டன, அலுவலகமே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் கண்ணாடிப் பேப்பர் வெயிட்டைத் தூக்கித் தாளின்மேல் வைத்தார். ஊர் முழுவதும் ஆட்கள் தலை கனத்து அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். வெயிட்டை எடுத்துவிட்டுக் கையால் தாளை அமர்த்திக்கொண்டார்.

பட்டு வேட்டியோடு புதுப் பட்டியல் வாங்க வந்திருந்த சுயம்புலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வடிவு, ஒட்டுப் பசையால் ஒட்டிவிடலாம் என்றாள். பசை போட்ட தாளை ஃபைலில் சேர்க்க முடியாது, ஃபைலில் சேராத தாள் நிலைக்காது, நிலைக்காவிட்டால் நாளைக்கு ஊர் எந்த ஊரில் கிடக்கும் என்று தெரியாது என்றார் நம்பிராஜன். கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு ஸ்கேலை எடுத்து, ஓட்டை விழும் இடத்தை அளந்து, பென்சிலால் வட்டம் போட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். திங்கள் என்ற சொல்லின் வாலும், முதல் தெருவில் கதவு எண் ஒன்றும் வட்டத்துக்குள் இருந்தன.

கதவு எண் ஒன்றில் நம்பிராஜன் குடியிருந்தார்.

"அண்ணாச்சி, வலது மூலைல குத்துங்க" என்றான் சுயம்புலிங்கம். "அங்க திங்கக்கெழமைக்கு எங்க வீட்டு நம்பர்தான் வரும். எங்க வாசல்ல ஒரு குழி கெடந்தா என்ன, பைப்புக்கு நான் தோண்டாத குழியா?"

"டேக்குக்கு ஓட்டை இடது பக்கம், மேல் மூலைல."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேம்லா" என்றார் நம்பிராஜன்.

வடிவு அப்போதுதான் மேற்குப் பொட்டலின் வட்டக் குட்டையை நினைத்தாள். வேண்டாம், பழையபடியே இரண்டு தாளாக எடுத்து, கையெழுத்துக்குத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் பஞ்சிங் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருஷமா அவன் இங்க வந்து நின்னுட்டுப் போறதப் பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார். "ஆபீஸ்ல கூட்டமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல போய்ச் சேருங்க. திங்கக்கெழமை காலைல அஞ்சரைக்கு எனக்குத் தண்ணி முறை. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணு சுயம்பு."

கடக் என்று ஒரு சத்தம். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டக் காகிதம் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டேக்கை ஓட்டையில் நுழைத்து, முனையை இழுத்துப் பார்த்து, ஃபைலை மூடினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் முழு அளவில் இருந்தது. ஒன்பதாம் தெரு எட்டாம் தெருவை ஒட்டி இருந்தது, கல் உப்பளத்தைப் பார்த்து நின்றது, மேற்கே பொட்டலும் இல்லை, குட்டையும் இல்லை. முதல் தெருவின் புறவாசலிலேயே பக்கத்து ஊர்க்காரனின் சோளக்காடு தொடங்கியது. எட்டாம் தெருப் பெண்கள் வடகக் களம் திரும்பி வரவில்லையே என்று ஒரு மாதம் புலம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை, கிழமை தெரிந்தே, சுயம்புலிங்கம் வந்தான். தினமும் கட்டிச் சாயம் போன பட்டு வேட்டியைப் பார்த்து முப்பிடாதி, புது வேட்டி கட்டக்கூடாதா என்று கேட்டாள். இது பழகிப்போயிற்று என்றான். தாலி சரியான நீளத்தில் தொங்கியது. நம்பிராஜன் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசம் இரண்டு முறை வாங்கினார், இலையின் இடது ஓரத்தில் ஒன்றும் வைக்கவிடவில்லை.

மறுநாள் விடிந்தபோது கதவு எண் ஒன்றின் வாசல்படியை ஒட்டி, தெருவின் அகலம் முழுவதும், காம்பஸ் வைத்து வரைந்தாற்போல ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே இருட்டு இல்லை, தண்ணீர் இல்லை, அடியும் இல்லை. எட்டிப் பார்த்தவர்களுக்குக் கீழே வெகு தூரத்தில் அடுத்த தாளின் எழுத்துகள் தெரிந்ததுபோல இருந்தது. பின்பக்கம் சோளக்காட்டு முள்வேலி. நம்பிராஜன் சலவைச் சட்டையோடு, குடையோடு, படியில் நின்று ஓட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போய், இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு லீவு லெட்டர் எழுதி, அதன் இடது பக்கம் ஒன்றரை இஞ்ச் விட்டு, மடித்து, சுயம்புலிங்கம் நீட்டிய சாவிக்கம்பியின் நுனியில் செருகினார். தண்ணீரும் அந்தக் கம்பியில் குடம் குடமாக அந்தப் பக்கம் போயிற்று. செவ்வாய்க்கிழமை ஓட்டை இல்லை. அடுத்த திங்கள் இருந்தது.

அங்கீகரிக்கப்பட்ட பட்டியலின் அமைப்பை மாற்றக்கூடாது என்று செயல் அலுவலர் சொல்லிவிட்டார். பெரிய தாள் வேண்டும் என்று வடிவு மாவட்டத்துக்கு எழுதினாள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டினாள். இரண்டு வருஷம் கழித்து, இருக்கிற தாளைப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது, ஏ-ஃபோர் தாளில். ஒவ்வொரு திங்கள் காலையிலும் அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்துவைத்து, அவர் பெயருக்கு நேரே லீவு என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கு, கம்பி நுனியில் ஆடியபடி ஓட்டையைத் தாண்டிப் போகும். சாம்பாரில் உப்புக் குறைவு என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொல்லுவார்.

நம்பிராஜன் நான்காம் வருஷம் ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றார். அது திங்கட்கிழமை. பிரிவுபசார விழா அவர் இல்லாமலே நடந்தது. மாலையைச் சுயம்புலிங்கம் சாவிக்கம்பியில் மாட்டிக் கொண்டுபோய் நீட்டினான், அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.